சிறுவாட்டில் உங்கள் பங்கு

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, 500 ரூபாய் நோட்டும் 1,000 ரூபாய் நோட்டும் நள்ளிரவோடு செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது. மறுநாள் விடிந்ததும், சேலத்தில் குகை என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த நெசவாளர் தெருவில் அரிசிப் பானைகள் கவிழ்ந்தன. கடுகு டப்பா, கல்யாணப் பட்டின் மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம், பழைய தலையணை உறை என்று எங்கெங்கிருந்தோ சிறுவாடு வெளியே வந்தது. வங்கிக்குப் போக அடையாள அட்டை வேண்டும், கணக்கு வேண்டும், வரிசையில் நிற்க ஆள் வேண்டும். வருடக்கணக்காகப் புருஷனுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை அவர் கையிலேயே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுப் பெண்கள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை கணக்கில் போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னது. வீட்டில் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒன்பது வருடம் சேர்த்தது 23,500 ரூபாய். தறிக்குத் தார் சுற்றிய கூலியில் ஒதுக்கியது, கடைவீதிக்கு நடந்து போய் மிச்சம் பிடித்தது, காய்கறிக்காரரிடம் பேரம் பேசி மீத்தது. அது அவர் புருஷனின் கணக்கில் ஏறியது. இரண்டே மாதத்தில் தறியின் பழுதுக்கும் பழைய பாக்கிக்கும் போய்விட்டது. அக்கா சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "தப்புன்னு சொல்லல கண்ணு, வீட்டுக்குத்தான் போச்சு. ஆனா இத்தன வருசத்துல எனக்குன்னு ஒரு ரவிக்கைத் துணிகூட எடுக்கலியே."

இந்தப் புத்தகத்தின் முந்தைய அத்தியாயங்களில் எப்படி மிச்சம் பிடிப்பது என்று பார்த்தோம். உழவர் சந்தைக்கு எந்த நேரத்தில் போவது, லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் எதை மொத்தமாக வாங்கினால் கட்டுப்படியாகும், முட்டையை ஒன்றிரண்டாக வாங்காமல் முப்பது முட்டை அட்டையாக வாங்கி அக்கம்பக்கத்தில் பங்கு போட்டுக்கொள்வது, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மிஞ்சும் காசைத் தனியாக எடுத்து வைப்பது, எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் அந்த அக்காவின் வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் விட்டால் இந்தப் புத்தகம் பாதி வேலைதான் செய்ததாகும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர், சேர்த்ததில் கொஞ்சத்தைத் தனக்கென்று மனநிறைவோடு செலவழிப்பது எப்படி? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

அக்காவிடம் தவறு ஒன்றும் இல்லை. குறை, அந்தப் பணத்துக்குப் பெயர் வைக்காததில் இருக்கிறது. எதற்கு என்று சொல்லாமல் சேர்த்த பணம் எதற்கும் ஆகும். பள்ளிக் கட்டணத்துக்கு, மருந்துக்கு, நாத்தனார் வீட்டுச் சீருக்கு, தறி மோட்டாருக்கு. எல்லாமே நியாயமான செலவுகள். அதனால்தான் அவற்றை எதிர்த்து உங்கள் ஆசை நிற்க முடிவதில்லை. முன்கூட்டியே பெயர் எழுதி வைத்த பணத்துக்கு மட்டும்தான் கொஞ்சமாவது காவல் உண்டு.

பத்தில் ஒன்று

என் கணக்கு எளிது. மாதக் கடைசியில், செலவைக் குறைத்து மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு என்று பாருங்கள். வருமானத்தில் பங்கு எடுக்க வேண்டாம், மிச்சத்தில் மட்டும். அதில் பத்தில் ஒன்று உங்களுடையது. 1,500 ரூபாய் மிஞ்சியிருந்தால் 150 உங்களுக்கு, 1,350 வீட்டுக்கு. ஒரு வருடத்தில் வீட்டுக்கு 16,200 சேரும், உங்களுக்கு 1,800. வீட்டுக்குப் போவதில் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் அந்த 1,800 ரூபாய்க்கு ஒரு நல்ல கைத்தறிப் பருத்திச் சேலை எடுக்கலாம், அல்லது இரண்டு மூன்று தடவை ஏற்காடு போய் வரலாம்.

ஏன் வருமானத்தில் எடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். தறி ஓட்டுகிறவருக்கும், கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும் எல்லா மாதமும் ஒரே கூலி வருவதில்லை. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். முட்டை விலை சரிந்தால் பண்ணையில் ஆளைக் குறைப்பார்கள். வருமானத்தில் பங்கு என்று வைத்தால் வறண்ட மாதத்தில் அதுவும் ஒரு கடனாக மனதில் ஏறி உட்காரும். மிச்சத்தில் பங்கு என்றால், மிச்சம் இல்லாத மாதம் பங்கும் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. மிச்சம் கூடினால் உங்கள் பங்கும் கூடும் என்று தெரிந்த பிறகு, பேரம் பேசுகிற வாய்க்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. எங்கள் குழுக்களில் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

குழுக்கள் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1991-92இல் சேலம் மாவட்டத்துக்கு வந்தன. நாமக்கல் அப்போது சேலத்தோடுதான் இருந்தது, 1997 ஜனவரி 1ஆம் தேதிதான் தனி மாவட்டமானது. ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க நான் போன காலத்தில், நோட்டின் இடது பக்கம் சேமிப்பு, வலது பக்கம் கடன் என்று எழுதச் சொல்வோம். கடன் வாங்கிய காரணம் என்ற கட்டத்தில் மாடு, ஆடு, பிரசவம், பள்ளிக் கட்டணம், கூரை என்று வரும். எத்தனையோ நோட்டுகளைப் பார்த்தேன். 'எனக்கு' என்று ஒரு வரி எதிலும் இருந்ததில்லை. அந்த வரியை எழுதச் சொல்லி எங்களுக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே இப்போது செய்யுங்கள். வரவு செலவு நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். மேலே உங்கள் பெயரை எழுதுங்கள். கீழே என்ன வேண்டும் என்று ஒன்றே ஒன்றை எழுதுங்கள். 'கொலுசு' என்று எழுதலாம், 'மேட்டூர்' என்று எழுதலாம். பிறகு மாதாமாதம் தொகையை எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். ஒளித்து வைத்த சிறுவாட்டுக்கு 2016இல் என்ன ஆயிற்று என்று பார்த்தோம் அல்லவா? வெளியில் தெரிகிற பங்கைக் கேட்டு வாங்குவதற்கு வீட்டாருக்குக் கூச்சம் இருக்கும். எல்லா வீட்டிலும் இது நடக்காது, எனக்குத் தெரியும். குடிக்கிற புருஷன் இருக்கிற வீட்டில் நோட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கு ஒன்று போதும்.

கடன் இருக்கும்போது

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் கடன் இல்லாத உழைப்பாளி வீடு குறைவு. குமாரபாளையத்திலும் பள்ளிப்பாளையத்திலும் விசைத்தறிக்குப் போகிறவர்கள் பலர், சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது கழிகிற வரை இடம் மாற முடியாது. தீபாவளி போனஸ் வருகிற நேரத்தில், புதுத்துணிக்கும் பட்டாசுக்கும் இன்னும் கொஞ்சம் முன்பணம் கேட்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கடன் வாங்கிக் கொண்டாடிய பண்டிகைக்கு அடுத்த வருடம் முழுவதும் தறியில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

வட்டியைப் பாருங்கள். 10,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 1,000, வருடத்துக்கு 12,000 வட்டியாகவே போகிறது. முதல் அப்படியே நிற்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது, மிரட்டினால் புகார் கொடுக்கலாம். ஆனால் புகாருக்கு முன்னால் செய்ய வேண்டியது கடனை மாற்றுவது. உங்கள் குழுவில் ஒரு வட்டிக்கு அதே 10,000 கிடைத்தால் மாத வட்டி 100 ரூபாய்தான். 900 ரூபாய் மிச்சம். இது வெங்காய விலையில் மிச்சம் பிடிப்பதைவிடப் பல மடங்கு பெரிய சிக்கனம். இந்த மிச்சத்துக்கும் அதே பத்தில் ஒன்று பொருந்தும். 810 ரூபாயை முதலைக் கழிக்கக் கொடுங்கள், 90 ரூபாயை உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

கடன்காரருக்கு எதற்கு ஆசை என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று வருடக் கடனை ஒரு தட்டுவடை செட்டுகூடச் சாப்பிடாமல் அடைத்து முடித்தவர்களையும் எனக்குத் தெரியும். அடைத்த மறு மாதமே, இவ்வளவு கஷ்டப்பட்டோமே என்று பெரிய டிவியைத் தவணையில் எடுத்து மறுபடியும் கடனில் விழுந்தவர்களையும் தெரியும். மனசு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் ஒரே நாளில் அள்ளித் தின்னப் பார்க்கும். மாதம் 90 ரூபாய் அதைத் தடுக்கிறது.

எங்கே போட்டு வைப்பது

அரிசிப் பானையில் வேண்டாம். உங்கள் பெயரில், நீங்கள் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில் போடுங்கள். 2014இல் தொடங்கிய ஜன்தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு ஏற்கெனவே இருக்கும். அந்தக் கணக்கையே பயன்படுத்தலாம். ஆனால் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடம்தான் இருக்க வேண்டும். பையனிடம் கொடுத்து எடுத்து வரச் சொல்கிறவர்கள், இந்த மாதம் முதல் பையனைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு தடவை போதும்.

ஒரு வருடத்துக்குள் செலவழிக்கப் போகிற தொகை என்றால் வங்கியில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர் வைப்பு போடலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நம்பகமானது. ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. கொலுசுக்கும் நீண்ட பயணத்துக்கும் அது சரி. அடுத்த ஆடிக்கு மேட்டூர் போக அது சரிப்படாது.

சீட்டு பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். எங்கள் பக்கம் பாத்திரச் சீட்டு, பலகாரச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச் சீட்டு என்று ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது. தெருவில் தெரிந்தவர் நடத்தும் தீபாவளிப் பலகாரச் சீட்டில் பத்துப் பன்னிரண்டு மாதம் கட்டி, கடைசியில் ஒரு பெட்டி இனிப்பும் ஒரு பட்டாசுப் பெட்டியும் எண்ணெயும் வெல்லமும் வாங்குவது ஒரு சந்தோஷம்தான், மறுக்கவில்லை. என் அம்மாவும் கட்டினார். ஒரு வருடம் சீட்டு பிடித்தவர் தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிரசம் சுட வெல்லம் கடனுக்கு வாங்கினோம். அன்று யாரிடம் போய்க் கேட்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இன்று தெரிந்துகொள்ளுங்கள். சீட்டு நடத்துவதற்கு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் வேண்டும். பதிவுத் துறையில் விசாரித்தால் பதிவானதா என்று சொல்வார்கள். ஏலச் சீட்டு நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. வைப்பாகப் பணம் திரட்டி ஏமாற்றும் நிறுவனங்களுக்கு எதிராக 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். இவ்வளவும் இருந்தாலும், உங்கள் பத்தில் ஒரு பங்கை மட்டும் பதிவு இல்லாத சீட்டில் போடாதீர்கள். வீட்டுப் பணத்தை இழந்தால் வீடே சேர்ந்து அழும். உங்கள் பங்கை இழந்தால் நீங்கள் தனியாகத்தான் அழுவீர்கள்.

எதை வாங்குவது

முதலில் எது கணக்கில் வராது என்று சொல்லிவிடுகிறேன். மிக்ஸி வராது. கிரைண்டர் வராது. குக்கர் வராது. வீட்டுக்கு வாங்கியது உங்களுக்கு வாங்கியது ஆகாது. "எனக்குத்தானே வசதி" என்று சொல்லித் தன் பங்கில் வாஷிங் மெஷின் எடுத்த பெண்கள் உண்டு. அதில் துவைபடுவது ஐந்து பேர் துணி. அந்தச் செலவை ஐந்து பேர் பணத்திலிருந்து எடுங்கள். பேரனுக்குச் சைக்கிள், மகளுக்குத் தோடு, இவையும் இந்தக் கணக்கில் சேராது. கொடுக்கலாம், அது வேறு பக்கம்.

சேலை எடுக்கிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலைகள் மலிவு, பளபளப்பு, வகை அதிகம். பத்துச் சேலை இருக்கிற அலமாரியில் பதினோராவதாக அதையே எடுப்பதைவிட, வருடத்துக்கு ஒன்று என்றாலும் கைத்தறி எடுங்கள் என்பேன். எங்கள் தெருத் தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. ஆனால் காரணமும் இருக்கிறது. வெயில் கொளுத்துகிற நம் சமவெளியில் கைத்தறிப் பருத்தி உடம்போடு ஒட்டாமல் காற்று விடும், துவைக்கத் துவைக்க மெதுவாகும். கைத்தறி முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். மாதாமாதம் கட்டுகிற சேமிப்புத் திட்டமும் அங்கே நடத்துகிறார்கள், நாம் கட்டுவதோடு அவர்கள் பங்கும் சேரும். கடையில் இந்த வருட விதிகளைக் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்துச் சேருங்கள்.

வெள்ளிக் கொலுசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதிகம் எழுதப்படுவது அதுதான். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் பட்டறைகளில் செய்யும் கொலுசுதான் நாடெங்கும் போகிறது. செய்கிற ஊரிலேயே இருந்துகொண்டு, கல்யாணத்தன்று போட்டதைப் பிரசவச் செலவுக்கு அடகு வைத்துவிட்டு, வெறுங்காலோடு இருபது வருடம் நடந்தவர்கள் எத்தனை பேர்! ஆசைப்பட்டால் வாங்குங்கள். வயதைப் பார்க்க வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். கொலுசு விலை மூன்று பகுதி: எடை, தரம், கூலி. தரம் என்பது எத்தனை பங்கு வெள்ளி என்பது. 925 முத்திரை என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முத்திரை இல்லாத கொலுசில் வெள்ளி எவ்வளவு என்று கடைக்காரர் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹால்மார்க்கோடு தனி அடையாள எண் பொறிக்கும் முறை வந்திருக்கிறது. தங்கத்துக்குப் போலக் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆகவே கேட்டு வாங்க வேண்டும். திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று வாங்கும்போதே கேளுங்கள். அந்தப் பதிலில் தரம் தெரிந்துவிடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். மணி, அரும்பு, கல் அதிகமானால் கூலி ஏறும். தினமும் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குக் கெட்டிக் கொலுசு நல்லது, திருகாணி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் ஏன் பதினோரு மாதத்தில் முடிகிறது என்று பலர் கேட்பார்கள். 2014இல் வந்த கம்பெனி வைப்பு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்க வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகைக் கணக்கில் போய்விடும். அதனால் பதினோரு மாதம். பெரும்பாலும் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள். கொலுசுதான் என்று முடிவு செய்தவருக்கு இதில் நஷ்டம் இல்லை. இன்னும் முடிவு செய்யாதவர் சேர வேண்டாம்.

பொருளே வேண்டாம், ஒரு நாள் எங்காவது போய்வர வேண்டும் என்கிறவர்களுக்கு நம் சமவெளியின் ஓரத்திலேயே இரண்டு மலைகள் நிற்கின்றன. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கே லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் உட்கார்ந்து கீழே சேலத்தைப் பாருங்கள். நாள் முழுவதும் நாம் ஓடிக்கொண்டிருக்கிற ஊர் அங்கிருந்து உள்ளங்கை அளவுதான் இருக்கும். மே மாதக் கோடை விழாவில் கூட்டமும் விலையும் அதிகம், மழை தொடங்கிய பிறகு வார நாளில் போங்கள். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு, பேருந்தில் வாந்தி எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, வயிறு நிறையவும் ஏறக் கூடாது. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவதற்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். முடியாதவர்கள் அறப்பளீஸ்வரரைப் பார்த்துவிட்டு, சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழைப்பழமும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும்.

ஆடி 18க்கு மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பிய வருடம் என்றால் அந்தத் தண்ணீரைப் பார்ப்பதற்கே போகலாம். காவிரியில் குளித்து, அணை முனியப்பனைக் கும்பிட்டு, பொரித்த மீனைச் சுடச்சுடச் சாப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், இதில் பிடிவாதமாக இருங்கள்: கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் மூன்று மணிக்கு எழுந்து, ஆறு பேருக்குப் புளிச்சோறு கிளறி, தூக்குப்போசியைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு அது பயணம் இல்லை. சமையலறை மேட்டூருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பங்கில் போகிற பயணத்தில் யாரோ சமைத்துப் பரிமாறியதைச் சாப்பிடுங்கள். புருஷனைக் கூட்டிப் போவதும் தோழிகளோடு போவதும் உங்கள் விருப்பம். நாலைந்து குழுப் பெண்கள் சேர்ந்து போனால் செலவும் குறையும், பேச்சும் இருக்கும்.

சின்ன ஆசைக்காரர்களுக்கு மாதத்துக்கு ஒரு தடவை கடைவீதியில் ஒரு தட்டுவடை செட்டும் ஒரு நொறுக்கலும் போதும். வருடம் முழுவதும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆண்களுக்கு

இவ்வளவு நேரம் பெண்களிடம் பேசியதால் ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் போர்வெல் போட வடநாட்டுக்குப் போகிறவர்களும், நாமக்கல்லிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர்களும் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் இருக்கிறார்கள். ஊர் திரும்பும்போது கையில் மொத்தமாகப் பணம் இருக்கும், மனதில் மொத்தமாக ஏக்கம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் பாதி கரைந்துவிடும், அதில் பெரும் பகுதி டாஸ்மாக்கில். அவர்களுக்கு நான் சொல்வது, பத்தில் ஒன்றை வண்டியில் இருக்கும்போதே முடிவு செய்து, வீட்டுப் பணத்தை அங்கிருந்தே மனைவி கணக்குக்கு அனுப்பிவிட்டு, தன் பங்கோடு மட்டும் ஊருக்குள் இறங்க வேண்டும் என்பது. அந்தப் பங்கில் நல்ல செருப்பு வாங்குங்கள். மூன்று மாதம் கிளட்சை மிதித்த காலுக்கு அது நியாயமான கூலி.

மாம்பழம்

எல்லோராலும் முடிகிற ஒன்றோடு முடிக்கிறேன். வரகம்பாடிப் பக்கமும் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் மாந்தோப்புகள் இருக்கிற ஊரில், மாம்பழ சீசனில் எங்கள் வீட்டுக்கு வாரம் நாலைந்து பழம் வரும். அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து அறுப்பார். கதுப்பு இரண்டும் அப்பாவுக்கு, அண்ணனுக்கு. ஓரத் துண்டுகள் எங்களுக்கு. கொட்டை அம்மாவுக்கு. "எனக்குக் கொட்டைதான் பிடிக்கும்" என்பார். நாங்கள் நம்பினோம். அப்பா போன பிறகு, நான் சம்பாதிக்கத் தொடங்கிய ஒரு வருடம், ஒரு மல்கோவாவை முழுசாக அவர் கையில் கொடுத்து, நீங்களே சாப்பிடுங்கள் அம்மா என்றேன். பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் பங்கில் இந்த வருடம் ஒரு பழமாவது வாங்குங்கள். செந்தூராவும் பங்கனப்பள்ளியும் முன்னால் வரும், இமாம்பசந்தும் மல்கோவாவும் பின்னால் வரும், காத்திருங்கள். தோல் முழுவதும் ஒரே மஞ்சளாகப் பளபளத்து, மணமே இல்லாமல் இருந்தால் கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கலாம், அந்தக் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது, வாங்காதீர்கள். முற்றிய செங்காயாகக் கேட்டு வாங்கி, வைக்கோலில் அல்லது அரிசிக்குள் போட்டு வையுங்கள். நாலைந்து நாளில் வீடு மணக்கும், காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் இளகும். அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். பிள்ளைகளுக்கு வேறு பழம் அறுத்துக் கொடுத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய் உட்காருங்கள். கதுப்பு இரண்டையும் முதலில் சாப்பிடுங்கள். கொட்டை கடைசியில்.